கருநீலம் காட்டிக்கொடுக்கும்

பெயின்ட் வேலைக்கு விலை சொல்லப் போகிற வீட்டில் யன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். சுவரைப் பிறகுதான் பார்ப்பது. கிழக்கையும் மேற்கையும் பார்த்து வீடு கட்டிய யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு, சிட்னியில் வடக்குத்தான் வெயில் திசை என்பது மண்டையில் ஏறக் கொஞ்சக் காலம் எடுக்கும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறக்குறைய 34 பாகையில் இருக்கிறோம். வருஷம் முழுக்கச் சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகும். ஆனி, ஆடியில் தெற்குப் பார்த்த அறைக்குள் ஒரு கீற்று வெயில் விழாது. அந்த அறைக்கு ஒருவர் “நேவி புளூ அடிக்கவேணும்” என்று கேட்டால், பின்னேரம் 3 மணிக்கே அது கறுப்பாகிவிடும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். சிலர் கேட்பார்கள். கேட்காதவர்களுக்கும் அடித்துக் கொடுத்திருக்கிறேன். இரவில் மட்டும் புழங்குகிற அறையென்றால் அதில் பிழையொன்றும் இல்லை.

நிற அட்டையின் பின்புறம் எல்.ஆர்.வி. என்று ஒரு எண் போட்டிருக்கும். சுவரில் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு திரும்பி வருகிறது என்ற கணக்கு அது. வழக்கமான வெள்ளைகள் 80க்கு மேலே நிற்கும். கருநீலங்கள் பெரும்பாலும் 10ஐத் தாண்டாது. வெள்ளைச் சுவர் வெளிச்சத்தை நாலு பக்கமும் வாரி இறைப்பதால் அதன் மேடு பள்ளம் கண்ணில் படாது. கருநீலத்தில் அந்தத் திரை இல்லை. ஜிப்ராக் என்கிற ஜிப்சம் சுவர்ப்பலகை ஒட்டியவர் விட்ட பிழை, மூட்டுப் பூசியவர் விட்ட பிழை, பெயின்டர் விட்ட பிழை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். இத்தனை வருஷத் தொழிலில் இந்த நிறத்தைப் பற்றி நான் தெரிந்துகொண்டது இதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

எண்பதுகளின் கடைசியில் நான் வந்தபோது மேற்கு சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில்லில் புது வீடுகள் மளமளவென்று எழும்பிக்கொண்டிருந்தன. வெளியே செங்கல், உள்ளே மரச்சட்டம், அதன்மேல் ஜிப்ராக், 2.4 மீற்றர் உயரத்தில் கூரைத்தட்டு. எல்லா வீட்டிலும் முன்பக்கம் ஒரு லவுஞ்ச், பின்பக்கம் ஒரு ஃபமிலி ரூம். எல்லாச் சுவருக்கும் பாலாடை நிறம். அதற்குப் பெயர் பெயராக இருந்தாலும், ரின்னைத் திறந்தால் வித்தியாசம் சொல்லக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கவேண்டும். பெண்டில் ஹில், பிளாக்ரவுண் பக்கம் மால்டாத் தீவிலிருந்து வந்த ஆட்கள் நிறைய. அவர்களில் ஒருவரிடம்தான் முதலில் வேலைக்குச் சேர்ந்தேன். அரைகுறை ஆங்கிலத்தில் அவரும், அதைவிடக் குறைந்த ஆங்கிலத்தில் நானும் கதைப்போம். அவர் கையில் எப்போதும் ஒரு டோர்ச் லைற் இருக்கும். பட்டி காய்ந்தபின் யன்னலை மூடிவிட்டு, டோர்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடிப்பார். அந்த வெளிச்சத்தில் தட்டையென்று நாங்கள் நினைத்த சுவர் முழுக்கக் குழியும் மேடுமாகத் தெரியும். பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே போவார். பாலாடை நிறத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று அப்போது எனக்கு அலுப்பாக இருந்தது. இப்போது என்னிடம் வேலைக்கு வரும் பையன்களின் முகத்தில் அதே அலுப்பைப் பார்க்கிறேன்.

நீலத்துக்கும் எனக்கும் பழக்கம் அதற்கு முந்தியது. ஊரில் தைப்பொங்கலுக்கு முன்னும் கலியாணத்துக்கு முன்னும் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். சுண்ணாம்பைக் கரைத்து வடித்து, அதில் உடுப்புக்குப் போடுகிற நீலத்தைக் கொஞ்சம் துணியில் கட்டி அலசிவிடுவோம். தென்னை மட்டையைத் தட்டி நாராக்கினால் அதுவே பிறஷ். நீலம் அளவாக விழுந்தால் சுவர் பளிச்சென்று இருக்கும். கூடினால் ஊரே கதைக்கும். வெள்ளையை வெள்ளையாகக் காட்டத்தான் அந்த நீலம். இங்கே கடையில் வெள்ளை பெயின்ட் வாங்கினாலும் இதே கதைதான். தூய வெள்ளை என்று விற்பதில் பலவற்றுக்கு மெஷின் ஒரு துளி கறுப்போ நீலமோ விடும். ஆக, நீலம் சுவரில் புதிதாக வந்ததல்ல. அளவுதான் மாறிவிட்டது.

அந்த அளவு மாறியதை நான் கண்ணால் பார்த்தேன். 2003இல் தொலைக்காட்சியில் ‘த புளொக்’ தொடங்கியது. பழைய வீட்டைப் போட்டி போட்டுத் திருத்தும் நிகழ்ச்சி. அதுவரை வீட்டுக்காரர்கள் “சுத்தமாக இருந்தால் போதும்” என்பார்கள். அதற்குப் பிறகு “ஒரு சுவர் மட்டும் வேறு நிறம்” என்று கேட்கத் தொடங்கினார்கள். முதலில் சிவப்பு, பிறகு சொக்லேற், பிறகு சாம்பல். கைபேசியில் படம் வந்தபின் கருநீலம் வந்தது. இங்கிலாந்து வீட்டு ஹேக் புளூ, அமெரிக்க வீட்டு ஹேல் நேவி என்று பெயரோடு படத்தைக் காட்டுவார்கள். 2020க்கான நிறம் என்று பான்ரோன் நிறுவனம் கிளாசிக் புளூவை அறிவித்தபோது கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். அந்த நீலம் கருநீலத்தைவிட வெளிச்சமானது. இருந்தாலும் நீலத்தைக் கேட்டு வந்தவர்கள் கடைசியில் இன்னும் கருமையான அட்டையைத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்தது கொரோனா. 2021 ஆடியில் சிட்னி முழுக்கக் கட்டட வேலையை நிறுத்தினார்கள். பிளாக்ரவுண் பக்கம் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். அது தளர்ந்து மீண்டும் வேலைக்குப் போனபோது கேள்வியே வேறாக இருந்தது. த பொண்ட்ஸ் பக்கம் ஒரு வீடு. கோயம்புத்தூர்ப் பிள்ளை, கணினி வேலை. “அண்ணா, ரூம் முழுக்க வேண்டாம். எனக்குப் பின்னாடி இருக்கிற சுவர் மட்டும் போதும். கேமராவில அதுதான் தெரியும்” என்றார். அப்படிப் பிறகு பல சுவர்கள் அடித்தேன். வீட்டில் இருப்பவர்கள் பார்க்காத, மற்றவர்களுக்கு மட்டும் தெரிகிற சுவர். அதில் ஒரு வசதியும் உண்டு. இருப்பவர் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் அந்த இருள் அவரைப் பிடித்து அழுத்தாது.

அந்தச் சுவரை வைத்தே வேலையைச் சொல்கிறேன். புது வீடு, ஏழெட்டு வருஷம்கூட ஆகவில்லை. டோர்ச்சைப் பிடித்தேன். பலகை மூட்டு இரண்டும் மேலிருந்து கீழே முதுகெலும்பாகத் தெரிந்தன. ஆணித் தலைகள் நாலைந்து வெளியே தள்ளியிருந்தன. கட்டியவரைத் திட்டிப் பயனில்லை. இங்கே ஜிப்ராக் வேலைக்கு ஒரு தரக்கணக்கு உண்டு. ஏ.எஸ்./என்.இஸட்.எஸ். 2589 என்று பெயர். சாதாரண வீட்டுக்கு நாலாம் தரம் போதும் என்பார்கள். அது வெள்ளைக்கும் வெளிர் நிறத்துக்கும் சரி. பக்க வெளிச்சம் அடிக்கிற சுவருக்கும் இருண்ட நிறத்துக்கும் ஐந்தாம் தரம், அதாவது சுவர் முழுக்க மெல்லிசாக ஒரு பூச்சு இழுத்துத் தேய்க்கவேண்டும். அதைச் சொன்னதும் அந்தப் பிள்ளை, “ஒரு சுவருக்கா அண்ணா இவ்வளவு?” என்று கேட்டார். டோர்ச்சை அவர் கையிலேயே கொடுத்தேன். இரண்டு நிமிஷம் பிடித்துப் பார்த்தார். பிறகு விலையைப் பற்றிக் கதைக்கவில்லை.

பெயின்ட் கலக்குவதிலும் சூட்சுமம் இருக்கிறது. வெள்ளைக்குரிய ரின்னில் ரைட்டேனியம் டையொக்சைட் நிறைந்திருக்கும். கருநீலத்தை அதில் கலக்க முடியாது, வெளிறிவிடும். அதனால் வெண்பொடி அநேகமாக இல்லாத அடிப்படை ரின்னை எடுத்து, தலோ நீலத்தையும் கறுப்பையும், சில வேளை ஒரு சொட்டுச் செம்மண் நிறத்தையோ ஊதாவையோ மெஷின் விடும். வெள்ளையோடு பார்த்தால் இப்படி விடுகிற சாயத்தின் அளவு மிக அதிகம். அதனால் இரண்டு ரின் வாங்கினால் இரண்டும் ஒரே நிறம் என்று நம்பக்கூடாது. எல்லாவற்றையும் பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டுத்தான் பிறஷைத் தொடுவேன். கீழ்ப்பூச்சுக்குச் சாம்பல் நிறம். வெள்ளைக் கீழ்ப்பூச்சின்மேல் கருநீலம் அடித்தால் மூலைகளில் வெள்ளை எட்டிப் பார்க்கும். பிறகு எத்தனை தரம் அடித்தாலும் மனது ஆறாது.

அடிக்கும்போது வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்காமல் இருப்பது நல்லது. தண்ணீர் பெயின்ட் ஈரமாக இருக்கும்போது பால் கலந்தது போல வெளிறித் தெரியும். காயக் காயத்தான் இருளும். முதல் ரோலர் இழுத்த உடனே, “அண்ணை, இது நான் கேட்ட நிறமில்லையே” என்று எத்தனை பேர் ஓடி வந்திருக்கிறார்கள்! ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு வாருங்கோ என்று அனுப்பிவிடுவேன். திரும்பி வரும்போது சுவர் தானே பதில் சொல்லியிருக்கும்.

ஈர விளிம்பு காய்வதற்குள் அடுத்த பட்டை சேரவேண்டும் என்பது எந்த நிறத்துக்கும் பொது. கருநீலத்தில் அது தவறினால் பட்டை பட்டையாக நின்றுவிடும். அதனால் இதைத் தனியே அடிக்கமாட்டேன். ஒருவர் ஓரம் வெட்டிப் போக, மற்றவர் பின்னாலேயே ரோலரோடு வரவேண்டும். மேற்கு சிட்னியின் வெயிலில் இது இன்னும் சிக்கல். 2020 தை 4ஆம் திகதி பென்ரித்தில் 48.9 பாகை அடித்த நாள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அவ்வளவு இல்லாவிட்டாலும் 38, 39 என்றால் மேற்குச் சுவர் தொட்டாலே சுடும். பெயின்ட் ரோலரிலேயே இறுகத் தொடங்கிவிடும். அப்படியான நாளில் விடியவே போய் மேற்குச் சுவரை முடித்துவிடுவோம். காய்வதைத் தாமதப்படுத்த ஃபுளோட்ரோல் கொஞ்சம் விடுவதும் உண்டு. குளிர்காலத்தில் பிரச்சினை தலைகீழ். 10 பாகைக்குக் கீழே போனால் ரின்னைத் திறப்பதே வீண்.

பழைய வாடிக்கையாளர்களில் ஒருவர் கடற்படையில் இருந்தவர். புதிதாகக் குடிவந்தவர்கள் நம்பமாட்டார்கள், கடலே இல்லாத குவேக்கர்ஸ் ஹில்லில் கடற்படை நிலையம் இருந்தது. எச்.எம்.ஏ.எஸ். நிரிம்பா என்று பெயர். போர்க்கால விமானத் தளமாக இருந்த இடம். 1956 முதல் பதினைந்து, பதினாறு வயதுப் பையன்களைச் சேர்த்துத் தொழில் பழக்கினார்கள். 1994இல் மூடிவிட்டார்கள். இப்போது அந்த வளவில் டேஃப் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழகம், பள்ளிக்கூடங்கள். அங்கே பயின்று, பிறகு இதே ஊரில் வீடு வாங்கிக் குடியிருந்தவர் அந்த மனிதர். தன் அறைக்கு நிறம் என்று அட்டை எதையும் பார்க்கவில்லை. அலுமாரியைத் திறந்து பழைய சீருடைக் கோட்டை எடுத்துக் கட்டிலில் விரித்தார். “இது.”

பிரித்தானியக் கடற்படை அதிகாரிகளுக்கு 1748இல் நீலச் சீருடை வந்தது. அந்த வழியில் வந்த துணி. யன்னலோரம் கொண்டுபோய் மடிப்பை விரித்துப் பார்த்தேன். நீலம் என்று சொல்லத் தைரியம் வரவில்லை, அவ்வளவு கருமை. மடிப்பின் உள்ளே, வெயில் படாத இடத்தில் மட்டும் ஒரு நீலம் ஒளிந்திருந்தது. கடையில் நிறம் படிக்கும் கருவியை அந்தக் கோட்டின்மேல் வைத்தார்கள். கம்பளித் துணியின் நூல்களுக்கிடையே நிழல் விழும், கருவி அந்த நிழலையும் சேர்த்துப் படித்துவிடும். வந்த நிறம் தார் போட்ட றோட்டு. அதை வாங்காமல், கொஞ்சம் நீலம் தூக்கலான மூன்று மாதிரிகளைப் பெரிய அட்டைகளில் இரண்டு பூச்சு அடித்து அவர் அறையில் சாய்த்து வைத்தேன். காலையில் ஒன்று பிடித்தது. இரவில் மஞ்சள் விளக்கின் கீழ் அதே அட்டை பச்சையாகத் தெரிந்தது. விளக்கை மாற்றச் சொன்னேன், மறுத்துவிட்டார். இரவு வெளிச்சத்தில் நீலமாக நின்ற அட்டையையே எடுத்தோம். முடிந்தபின் கோட்டைச் சுவரோடு பிடித்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். “சரியாக இருக்கிறது” என்றார்.

மாதிரிச் சட்டி வாங்கிச் சுவரிலேயே சதுரம் சதுரமாக அடித்துப் பார்க்கிற பழக்கத்தை அன்றிலிருந்து நான் வீட்டுக்காரர்களிடம் தடுக்கிறேன். அந்தச் சதுரத்தின் விளிம்பு தடித்து நிற்கும், தேய்த்து எடுக்காவிட்டால் இரண்டு பூச்சுக்கு மேலாலும் தெரியும். அட்டையில் அடித்தால் பகலும் இரவும் சுவர் சுவராக நகர்த்திப் பார்க்கலாம்.

எங்கள் வீடுகளில் இந்த நிறத்துக்கு வேறொரு வழக்கும் உண்டு. ஸ்கோஃபீல்ட்ஸ் பக்கம் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம். மகனும் மருமகளும் ஹோலுக்குக் கருநீலம் என்று முடிவெடுத்துவிட்டார்கள். தாய் ஊரிலிருந்து வந்து நிற்கிறார். நான் ஓரம் வெட்டிக்கொண்டிருக்க, பின்னால் வந்து நின்று, “தம்பி, உதென்ன செத்தவீடு மாதிரி?” என்றார். மருமகள் குசினிக்குள் இருந்து சிரிக்கிறா. “நேவி புளூ அம்மா” என்றேன். “உவையளுக்குச் சனி பிடிச்சிட்டுது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூன்றாம் நாள் அவர் தன் குத்துவிளக்கைக் கொண்டுவந்து அந்தச் சுவருக்கு முன்னால் வைத்தார். பித்தளைக்குப் பின்னால் கருநீலம் என்றால் அதைச் சொல்லத் தேவையில்லை, மினுக்கம் வேறு. அம்மா மனம் மாறிவிட்டார் என்று நினைத்தேன். இல்லை. விளக்கு அங்கேயே இருந்தது. ஆனால் சோபாவைத் திருப்பிப் போடச் சொல்லிச் சுவருக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்தாராம்.

சாமியறைக்கு இந்த நிறத்தைக் கேட்பவர்களிடம் ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். பாலாடைச் சுவரில் விளக்குப் புகையும் மஞ்சள் கறையும் தெரியும். கருநீலத்தில் புகை தெரியாது. திருநீறு தெரியும். நெற்றிக்குப் பூசிய கையை யாரோ சுவரில் ஊன்றியிருப்பார்கள், ஐந்து விரலும் வெள்ளையாக நிற்கும். ஈரத்துணியால் துடைத்தால் வெள்ளை இழுபட்டுப் பரவும். அழுத்தித் தேய்த்தால் பளபளப்பாக ஒரு தழும்பு விழும். மங்கல் பெயின்டில் அந்தத் தழும்பு இன்னும் மோசம். அங்கே கழுவக்கூடிய லோ ஷீன் வகைதான் கொடுப்பேன். குளியலறைக்குக் கேட்டால் பெரும்பாலும் வேண்டாம் என்பேன். புதுச் சுவர் முற்றாக இறுகுமுன் நீராவி பட்டால், பெயின்டுக்குள் இருக்கும் சோப்புப் போன்ற பொருள் வெளியே கசிந்து வெளிறிய வடிகோடுகளாக இறங்கும். வெள்ளையில் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

தழும்புக்கு மேலே தொட்டுத் தொட்டுப் பூசித் திருத்துகிற வேலையும் இதில் நடக்காது. அதே ரின், அதே பிறஷ் என்றாலும் தொட்ட இடம் வேறு நிறமாக நிற்கும். மூலையிலிருந்து மூலைவரை முழுச் சுவரையும் அடிக்கவேண்டும். இதை நான் விலைக் கடிதத்திலேயே எழுதிவிடுகிறேன். சண்டை மிச்சம்.

விலைக் கடிதம் என்றதும் ஞாபகம் வருகிறது. உரிமப்பத்திரம் இல்லாத ஒருவர் பாதி விலைக்குச் செய்து தருகிறேன் என்பார். பாலாடைச் சுவரில் அவருடைய வேலைக்கும் என் வேலைக்கும் வித்தியாசம் சொல்ல வீட்டுக்காரருக்கு வருஷங்கள் எடுக்கும். கருநீலத்தில் அன்றைக்குப் பின்னேரமே தெரியும். எனக்கு இந்த நிறம் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவில் முக்கால்வாசி, ரின்னைத் திறப்பதற்கு முன்பே போய்விடுகிறது என்று வீட்டுக்காரரிடம் சொன்னால் முதலில் நம்பமாட்டார். பட்டி, தேய்ப்பு, தூசு துடைப்பு, மறுபடி பட்டி. கடைசி இரண்டு பூச்சுத்தான் படத்தில் வருவது.

அடித்த கையாலேயே அழிக்கவும் கூப்பிடுவார்கள். வீட்டை விற்கப் போகிறார்கள், சனிக்கிழமை ஏலம், வீட்டு முகவர் “எல்லாம் வெள்ளையாக்குங்கள்” என்று சொல்லிவிட்டார். கருநீலத்தை வெள்ளையாக்குவது வெள்ளையைக் கருநீலமாக்குவதைவிடப் பாடு. நல்ல மூடும் தன்மையுள்ள கீழ்ப்பூச்சு ஒன்று, மேலே இரண்டு, பல வேளை மூன்று. மரியோங்கில் ஒரு வீட்டை அப்படி வெள்ளையாக்கினேன். வாங்கிய தம்பதி குடிவந்ததும் என்னையே கூப்பிட்டுக் கைபேசியைக் காட்டினார்கள். கருநீலச் சுவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்று அவர்களுக்குச் சொல்லவில்லை. விலையைக் குறைத்துக் கொடுத்தேன், கீழே சுவர் ஏற்கனவே தேய்த்துத் தயாராக இருந்ததே.

இப்போது புதிதாகக் கேட்பது முழு அறையும் ஒரே நிறம். சுவர், ஸ்கேர்ட்டிங், கதவுச் சட்டம், கூரைத்தட்டு, எல்லாம் கருநீலம். 2.4 மீற்றர் உயர அறையில் தலைக்கு மேலே இருட்டைக் கொண்டுவந்தால் அறை இன்னும் தாழ்ந்துவிடும் என்று நானும் நினைத்தேன். அடித்துப் பார்த்தபோது அப்படி ஆகவில்லை. சுவரும் கூரையும் சேருகிற வெள்ளைக் கோடுதான் அறை எவ்வளவு தாழ்வு என்று கண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. கோடு போனதும் கண்ணுக்கு எல்லை பிடிபடவில்லை. சின்ன அறைகளுக்கு, படிப்பறைக்கு, படம் பார்க்கிற அறைக்கு இனி ஓம் என்றுதான் சொல்கிறேன். ஒரே நிபந்தனை, கூரைத்தட்டையும் சுவர் மாதிரியே ஐந்தாம் தரத்துக்குப் பூசித் தேய்க்கவேண்டும். அண்ணாந்து நின்று தேய்க்கிற அந்த வேலைக்குத் தனி விலை. அதை இப்போது முதல் வரியிலேயே எழுதுகிறேன்.